பட கேப்ட்சாவைப் பார்வையற்றவர்கள் எப்படிக் கடக்கிறார்கள்?

கேள்வி இது: "பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துக் கணினி பயன்படுத்துவார்கள் என்று தெரியும். ஆனால் 'போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்' என்று, மனிதரா ரோபோவா எனச் சோதிக்கும் கேப்ட்சா வந்தால் என்ன செய்வார்கள்? நாங்கள் நடத்தும் தளத்தின் பதிவுப் படிவத்துக்கு ஒரு கேப்ட்சா போட வேண்டியிருக்கிறது. எதைப் போட்டால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலி வழி இருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். இல்லையென்றால் பார்வையுள்ள யாரையாவது கூப்பிடுகிறோம். கூப்பிட ஆள் இல்லையென்றால் அந்தத் தளத்தை விட்டே வெளியேறிவிடுகிறோம். இந்த மூன்றாவது வகையினர் தளம் நடத்துபவர்களின் கண்ணில் படுவதே இல்லை. புகார் எழுதலாம் என்று 'தொடர்புக்கு' பக்கத்துக்குப் போனால், பல தளங்களில் அங்கேயும் அதே கேப்ட்சாதான் நிற்கிறது.

நானும் பார்வையற்றவன்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திரைவாசிப்பானோடு வேலை செய்கிறேன். இணையத்தளங்களைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திரைவாசிப்பான் திரையைப் 'பார்ப்பது' இல்லை. பக்கத்தின் பின்னால் இருக்கும் நிரலை எடுத்து, இது தலைப்பு, இது இணைப்பு, இது பொத்தான் என்று குரலில் சொல்லும். படம் வந்தால், அந்தப் படத்துக்கு எழுதி வைத்திருக்கும் மாற்று உரையைப் படிக்கும். உரை இல்லையென்றால் 'கிராஃபிக்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேப்ட்சாவில் சிக்கலே இங்குதான். படத்தில் இருப்பது இன்ன எழுத்து என்று மாற்று உரை கொடுத்தால், திரைவாசிப்பான் படிப்பதைப் போலவே தானியங்கி நிரலும் படித்துவிடும். திரைவாசிப்பானும் ஒரு நிரல்தானே. நிரலால் படிக்க முடியாதபடி ஒன்றைச் செய்தால், எங்களாலும் அதைப் படிக்க முடியாது. மற்ற தளக் குறைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை, சுட்டிக்காட்டினால் சரிசெய்துவிடலாம். கேப்ட்சா அப்படியல்ல. படிக்க முடியாமல் இருப்பதுதான் அதன் வேலையே.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் அல்ல. 1997-இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் இப்படிப்பட்ட கோணல் எழுத்துப் படம் வந்துவிட்டது. கேப்ட்சா என்ற பெயர் 2003 வாக்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைத்தது. மனிதரையும் கணினியையும் பிரித்தறியும் சோதனை என்பது அந்தப் பெயரின் விரிவாக்கத்திலேயே இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இந்தச் சோதனையால் மாற்றுத்திறனாளிகள் வெளியே நிற்க நேர்வதைப் பற்றித் தனி ஆவணமே 2005-இல் வெளியிட்டது. மனிதரா என்று கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, கண் தெரிகிறதா என்று கேட்கும் சோதனை இது. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பேச்சு இதைச் சுற்றியேதான் இருக்கிறது.

எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஒரு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள், இரவு பத்தேகால் மணி. பன்னிரண்டு மணிக்குப் படிவம் மூடிவிடும். பெயர், படிப்பு, அனுபவம் என்று ஆறு பக்கங்கள் நிரப்பியாயிற்று. கடைசிப் பக்கத்தில் கீழ் அம்பு விசையை அழுத்தினால் 'கிராஃபிக்' என்றது. மறுபடி அழுத்தினால் 'மேலே உள்ள எழுத்துகளை உள்ளிடவும், எடிட், பிளாங்க்'. அடுத்து 'ரெஃப்ரெஷ், பட்டன்'. அதற்கடுத்து 'சமர்ப்பிக்கவும், பட்டன்'. ஒலிக்கான பொத்தான் எங்கேயும் இல்லை.

முதலில் ஓசிஆர் வைத்துப் பார்த்தேன். நான் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானில், அதன் சிறப்பு விசையோடு ஆர் விசையை அழுத்தினால், படத்தில் இருக்கும் எழுத்தை விண்டோஸ் அடையாளம் கண்டு சொல்லும். அச்சடித்த எழுத்துகளை நன்றாகவே படிக்கும். வளைத்து நெளித்து, குறுக்கே கோடும் போட்ட எழுத்தைப் பார்த்ததும் 'வி, ஏழு, அடைப்புக்குறி' என்று ஏதோ சொன்னது. அதையே தட்டிப் பார்த்தேன். தவறு. ஒவ்வொரு தவறுக்கும் படம் மாறும் என்பதால், முதல் படத்தில் பட்ட பாடு இரண்டாவதற்கு உதவாது.

அப்புறம் தங்கையை வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். ஒரு கையில் போன், இன்னொரு கை லேப்டாப் திரையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது. கேமரா எங்கே பார்க்கிறது என்று எனக்குத் தெரியாது. "இன்னும் கொஞ்சம் கீழே அண்ணா... இப்போ லைட் அடிக்குது, லேசா சாய்ச்சுப் பிடி... அப்படியே இரு." அவள் படிக்க ஆரம்பித்தாள். "சின்ன கே, பெரிய எம், அப்புறம் இது ஒன்னா எல்லான்னு தெரியலையே." எல் என்று வைத்துக்கொண்டோம். தவறு. மூன்றாவது படம் சரியாக வந்து சமர்ப்பித்தபோது, 'உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது' என்று குரல் வந்தது. ஆறு பக்கங்களும் முதலிலிருந்து. படிவம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. அன்று தங்கை விழித்திருந்ததால் நடந்தது. அவள் தூங்கியிருந்தால் என் ஆறு பக்கத் தகுதியும் அந்த ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றுபோயிருக்கும்.

சரி, ஒலி வழி இருக்கும் இடத்துக்கு வருவோம். பரவலாகக் காணப்படும் 'நான் ரோபோ அல்ல' பெட்டியை, அதாவது கூகுளின் ரீகேப்ட்சாவை, எடுத்துக்கொள்ளுங்கள். திரைவாசிப்பான் அதை 'செக் பாக்ஸ், நாட் செக்டு' என்று நன்றாகவே சொல்லும். ஸ்பேஸ் தட்டினால் பல நேரம் அப்படியே 'செக்டு' என்று தேர்ச்சி தந்துவிடும். அப்படி ஆகாதபோது கட்டம் கட்டமாகப் படங்கள் வரும். இரண்டு நிமிடத்தில் சவால் காலாவதியாகும் என்ற அறிவிப்பும் காதில் விழும். டேப் விசையால் நகர்ந்து ஒலிச் சவாலுக்கான பொத்தானைப் பிடித்து, என்டர் தட்டி, 'பிளே' அழுத்தினால், இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு துண்டு வாக்கியம் பேசுவார்கள். கேட்டதைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டிய பிறகும் 'இன்னும் ஒன்று' என்று கேட்பது உண்டு.

பார்வையுள்ள நண்பர்கள் இதைக் கேட்டதும், "அப்போ பிரச்சினை தீர்ந்ததே, காது உங்களுக்குக் கூர்மைதானே" என்பார்கள். காது கூர்மையா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே பெட்டியில் தட்டலாம். கண்ணும் கையும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஒலியில் அப்படி முடியாது. கேப்ட்சா பேசும் அதே நேரத்தில் என் திரைவாசிப்பானும் பேசும். பிளே அழுத்தியதும் விடைப் பெட்டிக்கு நகர்ந்தால், பெட்டியின் பெயரைச் சொல்ல ஆரம்பிக்கும்; அதற்குள் முதல் இரண்டு சொற்கள் ஓடிப்போயிருக்கும். தட்டத் தொடங்கினால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும். அதில் மீதிச் சொற்கள் மூழ்கிவிடும். தட்டாமல் முழுதும் கேட்டுவிட்டுத் தட்டலாம் என்றால், பொருளில்லாத எண்களையும் சொற்களையும் நினைவில் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

2009-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி பிகாம், அன்னா கேவெண்டர் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த 10 ஒலி கேப்ட்சாக்களை 89 பார்வையற்றவர்களிடம் கொடுத்தபோது, வெற்றி 43 சதவீதம்தான். அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒலியைத் தொட்டு மாற்றாமல், ஒலியை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் விடைப் பெட்டிக்குள்ளேயே விசைகள் வைத்துப் பார்த்தார்கள். பொத்தானுக்கும் பெட்டிக்கும் ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போனதும் வெற்றி விகிதம் முன்பிருந்த அளவைவிட 59 சதவீதம் கூடியது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதி. எங்களை அங்கே தோற்கடித்ததில் பெரும்பங்கு வடிவமைப்புக்கு இருந்தது என்பதை அது காட்டிவிட்டது. காதில் குறை இல்லை.

மொழியும் ஒரு தடை. ஒலிச் சவால் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் நம் காதுக்குப் பழக்கமில்லாத உச்சரிப்பில் வரும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர், இரைச்சலுக்குள் புதைந்த ஒரு ஆங்கிலத் துண்டைப் பிழையின்றி எழுத வேண்டும். படச் சவாலில் பார்வையுள்ளவர் 'பேருந்து' என்ற ஒரு சொல் புரிந்தால் கட்டங்களைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஒலியில் அந்தச் சலுகை கிடையாது.

இதில் நாங்கள் கற்றுக்கொண்ட சில கைப்பழக்கங்கள் உண்டு. புதிதாகத் திரைவாசிப்பான் பழகுபவர்களுக்கு நான் சொல்வது இவைதான். முதலில், தட்டும் எழுத்தைச் சொல்லும் வசதியை அணைத்துவிடுங்கள். என்விடிஏவில் அதன் சிறப்பு விசையோடு 2. பிளே அழுத்தியதும் கண்ட்ரோல் விசையைத் தட்டினால் திரைவாசிப்பானின் பேச்சு அப்போதைக்கு நிற்கும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை வெறுமனே கேளுங்கள், இரண்டாம் முறை தட்டுங்கள். எதுவும் பிடிபடவில்லையென்றால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிய சவால் கேளுங்கள். ஒன்று கடினமாக இருந்தால் அடுத்தது எளிதாக வருவதும் உண்டு. படிவம் நீளமானதாக இருந்தால், விடைகளை முன்கூட்டியே நோட்பேடில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுக்குப் பிறகு நான் இதைத் தவறவிட்டதே இல்லை.

ஆனால் ஒலிப் பொத்தானை அழுத்தியதும், 'உங்கள் கணினி அல்லது நெட்வொர்க் தானியங்கிக் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம்' என்று சொல்லி ஒலியையே தர மறுக்கும் நேரமும் உண்டு. இணைய இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் பயன்படுத்தும்போதும், பலர் ஒரே இணைப்பைப் பகிரும் அலுவலகம், விடுதி போன்ற இடங்களிலும் இது நடக்கிறது. பார்வையுள்ளவருக்குப் படச் சவால் அப்போதும் திறந்திருக்கும். எனக்கு இருந்த ஒரே வாசலும் அங்கே மூடிவிடுகிறது. இப்படி இறுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினர், இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும், பேச்சை எழுத்தாக்கும் பேச்சறி சேவைகளை வைத்தே ரீகேப்ட்சாவின் ஒலிச் சவாலை 85 சதவீதம் அளவுக்குத் தீர்த்துக் காட்டினார்கள். ஒலி வழிதான் பலவீனமான வாசல் என்று ஆனதும், காவல் அங்கே கூடுகிறது. அந்த வாசலை நம்பி இருப்பவர்கள்மேல்தான் அது விழுகிறது.

அடுத்தது, கண்ணை இரவல் வாங்குவது. வீட்டார், நண்பர், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். ஒரு காலத்தில் ஃபயர்பாக்ஸ் உலாவியில் வெப்விசம் என்ற நீட்சி (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) இருந்தது. கேப்ட்சா இருக்கும் பக்கத்தில் ஒரு குறுக்கு விசை அழுத்திக் காத்திருந்தால், விடை கிளிப்போர்டுக்கு வந்துவிடும், எடுத்து ஒட்டிவிடலாம். எங்களில் பலருக்கு முதன்முதலாகத் தனியாக ஒரு கணக்குத் தொடங்க முடிந்தது அதனால்தான். 2017-இல் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய வகை நீட்சிகளுக்கே அங்கு இடமில்லாமல் போனது. டென்மார்க்கில் தொடங்கி 2015-இல் வெளியான பி மை ஐஸ் செயலியில், உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு தன்னார்வலர் உங்கள் போன் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். அன்பானவர்கள். நானும் பலமுறை பயன்பெற்றிருக்கிறேன்.

ஆனாலும் இரவல் கண்ணுக்கு ஒரு விலை உண்டு. கேப்ட்சா எங்கே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கில் நுழையும் இடத்தில், மருத்துவப் பரிசோதனை முடிவைத் திறக்கும் இடத்தில், கடவுச்சொல் மறந்துபோய் மாற்றும் இடத்தில். முன்பின் தெரியாத ஒருவரிடம் இந்தத் திரைகளைக் காட்ட வேண்டும். தெரிந்தவரிடம் காட்டுவது சில நேரம் இன்னும் சங்கடம். வேறு வேலைக்கு முயல்வதைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்ல விரும்பாதவர், அவரையே கூப்பிட்டு விண்ணப்பப் பக்கத்தின் கேப்ட்சாவைப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, தன் வங்கி இருப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மகன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்பார். மற்றபடி அந்தத் தளம் முழுவதையும் அவரே தனியாக இயக்குவார்.

இயந்திரத்தின் உதவி பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் இப்போது எல்லோரும் கேட்பது அதைத்தான்: "செயற்கை நுண்ணறிவிடம் படத்தைக் கொடுத்தால் சொல்லிவிடாதா?" சாதாரணப் படங்களை இன்று அருமையாக விவரிக்கிறது. 2023-இல் பி மை ஐஸ் செயலியிலேயே அது வந்துவிட்டது. ஜாஸ் திரைவாசிப்பானிலும் படத்தை விவரிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் கேப்ட்சா என்று தெரிந்தால் விடை சொல்ல மறுக்கும்படி பல மாதிரிகளைப் பழக்கியிருக்கிறார்கள். மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான் அப்படி. மறுப்பு எங்களுக்கும் சேர்ந்தே வருகிறது. பஸ்டர் என்று ஒரு உலாவி நீட்சி உண்டு. ரீகேப்ட்சாவின் ஒலிச் சவாலைப் பேச்சறி சேவைக்கு அனுப்பி, விடையைத் தானே நிரப்பும். சில நாள் நன்றாக வேலை செய்யும், சில நாள் ஒலியே கிடைக்காததால் அதுவும் நின்றுவிடும்.

இந்த இடத்தில் எனக்கு உள்ளபடியே கோபம் வரும். 2024-இல் சூரிச்சில் உள்ள இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போக்குவரத்து விளக்கையும் பேருந்தையும் தேடச் சொல்லும் ரீகேப்ட்சாவின் படச் சவால்களை, பட அறிதல் நிரல் ஒன்றால் 100 சதவீதம் தீர்த்துக் காட்டினார்கள். அதற்கும் முன்பே, ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர், அதற்கும் குறைவு என்ற விலையில் மனிதர்களை உட்கார வைத்துத் தீர்த்துக் கொடுக்கும் வியாபாரம் நடந்து வந்திருக்கிறது. 2010-இலேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் அதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அதாவது, உள்ளே வந்தே தீருவேன் என்று நிற்கும் மோசடிக்காரரை இந்தப் படம் நிறுத்துவதில்லை. அவருக்குக் கொஞ்சம் செலவு வைக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் வாசலில் நின்றுபோவது, யாரையும் ஏமாற்ற நினைக்காமல் ஒரு கணக்குத் தொடங்க வந்த பார்வையற்றவர்.

புதிய வகைகள் நிலைமையைக் கொஞ்சம் மாற்றியிருக்கின்றன. 2014 டிசம்பரில் ரீகேப்ட்சாவின் டிக் பெட்டி வந்தது. 2018-இல் எந்தச் சவாலும் காட்டாமல் பின்னணியிலேயே மதிப்பெண் போடும் வகை வந்தது. 2022-இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் டர்ன்ஸ்டைல் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் படப் புதிரே கிடையாது, உலாவியைச் சோதித்துவிட்டு வழிவிடும். அதே ஆண்டில் ஆப்பிள், சாதனமே நமக்காகச் சான்று சொல்லும் முறையை ஐபோனில் கொண்டுவந்தது. இவை வேலை செய்யும் நாட்களில் திரைவாசிப்பானுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. உலாவியில் ஒரு பழகிய கணக்கில் நுழைந்து வைத்திருப்பது, குக்கிகளை (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை) அழிக்காமல் இருப்பது, மறைமுகச் சாளரத்தையும் (இன்காக்னிட்டோ) விபிஎன்னையும் தவிர்ப்பது என்று எங்களில் பலர் செய்வது இதற்காகத்தான். படச் சவால் வருவது குறையும். ஆனால் பார்வையுள்ளவர் விரும்பினால் தன் தடத்தை மறைத்துக்கொண்டு உலாவலாம்; வந்தால் இரண்டு படம் கூடுதலாகத் தட்டிவிட்டுப் போவார். நான் அப்படி உலாவினால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ரீகேப்ட்சாவுக்குப் போட்டியாக உள்ள எச்கேப்ட்சாவில் வேறு மாதிரி. அதில் ஒலிச் சவால் கிடையாது. மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்தால், அணுகலுக்கான குக்கி ஒன்றை உலாவியில் வைத்துக்கொள்ளலாம். அதைக் கண்டால் படம் கேட்காமல் விடும். பின்னாளில் எழுத்து வடிவக் கேள்விகளும் சேர்ந்தன. குக்கி வேலை செய்யும்போது நல்ல ஏற்பாடு. உலாவி மூன்றாம் தரப்புக் குக்கியைத் தடுத்தால் ஏன் வேலை செய்யவில்லை என்றே தெரியாமல் திண்டாட வேண்டும். 'நான் மாற்றுத்திறனாளி' என்று தனியாகப் பதிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டுமா என்ற மனத்தாங்கலும் எங்களில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு.

மிகக் கொடுமையானவை, துண்டுப் படத்தை இழுத்துப் பொருத்தும் புதிரும், விலங்கைச் சரியான திசைக்குத் திருப்பும் புதிரும். திரைவாசிப்பானில் அங்கே பிடித்து இழுக்கவே ஒன்றும் இருக்காது. 'அழுத்திப் பிடித்திருங்கள்' வகை எளிதுபோலத் தோன்றும். ஆனால் திரைவாசிப்பானின் வாசிப்பு நிலையில் என்டர் தட்டினால், அது ஒரு கிளிக் ஆகத்தான் போய்ச் சேரும், பிடித்திருப்பது போய்ச் சேராது. கொஞ்சம் பார்வை உள்ளவர்களின் பாடு வேறு வகை: திரையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஒரு கட்டத்தில் பேருந்தின் ஓரம் மட்டும் தெரியும், முழுப் படமும் ஒரே பார்வையில் அடங்காது.

பார்வையும் கேட்கும் திறனும் இரண்டுமே இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் பிரெய்ல் காட்சிக்கருவியில் விரலால் படிக்கிறார்கள். படமும் இல்லை, ஒலியும் இல்லை. 'ஒலி மாற்று கொடுத்திருக்கிறோம், எங்கள் கடமை முடிந்தது' என்று சொல்லும் தளத்தில் அவர்களுக்கு ஒரு வழியும் கிடையாது. எழுத்தாக வரும் ஏதாவது ஒன்று இருந்தால்தான் உண்டு.

இனி உங்கள் படிவம். கேப்ட்சா வேண்டுமா என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு வருவது குப்பைப் பதிவுகளா, கடவுச்சொல் திருட்டு முயற்சிகளா, அல்லது வந்துவிடுமோ என்ற பயமா? சிறிய தளத்துக்கு வரும் குப்பையில் பெரும்பகுதியை மறைபெட்டி உத்தியே பிடித்துவிடும்: மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்து, அது நிரப்பப்பட்டு வந்தால் நிராகரிப்பது. இதில் ஒரு எச்சரிக்கை. பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்தால் பார்வையுள்ளவருக்குத் தெரியாது, திரைவாசிப்பானுக்குத் தெரியும். 'இணையத்தள முகவரி, எடிட்' என்று எனக்குச் சொல்லும், நானும் நல்ல பிள்ளையாக நிரப்பிவிடுவேன், நீங்கள் என்னை ரோபோ என்று தூக்கிவிடுவீர்கள். அதனால் பெட்டியைத் திரைவாசிப்பானிடமிருந்தும் டேப் வரிசையிலிருந்தும் மறையுங்கள், உலாவியின் தானியங்கி நிரப்பலையும் அதற்கு அணைத்துவிடுங்கள். அதையும் மீறி வந்துவிடுபவருக்காக 'இதை நிரப்ப வேண்டாம்' என்று பெட்டிக்குப் பெயர் வையுங்கள்.

இதோடு ஒரே முகவரியிலிருந்து வரும் முயற்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது, மின்னஞ்சலுக்கு உறுதிப்படுத்தும் இணைப்பு அனுப்புவது இரண்டையும் சேர்த்தால் பல தளங்களுக்குப் போதும். மின்னஞ்சல் எங்கள் எல்லோராலும் படிக்க முடிவது; பிரெய்லிலும் வரும். படிவம் நிரப்ப ஆகும் நேரத்தை வைத்து ரோபோவைக் கண்டுபிடிப்பவர்கள், இரண்டு விநாடிக்குள் வந்தால் சந்தேகப்படுங்கள், நீண்ட நேரம் எடுத்தால் சந்தேகப்படாதீர்கள். எங்களுக்கு நேரமாகும்.

'எட்டோடு மூன்றைக் கூட்டினால்?' வகைக் கேள்வியைத் திரைவாசிப்பான் நன்றாகவே படிக்கும். ஆனால் குறிவைத்து எழுதிய நிரல் அதை நொடியில் உடைத்துவிடும்; கணக்கு வராதவர்களுக்கும் அது ஒரு தடை.

இதற்கு மேலும் காவல் வேண்டுமென்றால், புதிர் காட்டாத வகையை, டர்ன்ஸ்டைல் போன்றதை, அல்லது உலாவியையே ஒரு சிறு கணக்கைச் செய்ய வைக்கும் வகையைப் பாருங்கள். தோற்றால் என்ன ஆகிறது என்று கட்டாயம் சோதியுங்கள். 'சரிபார்க்க முடியவில்லை' என்று எழுதிவிட்டு மௌனமாக நின்றால், என் திரைவாசிப்பானில் பொத்தான் வேலை செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். பிழைச் செய்தி ஒலிக்க வேண்டும், நிரப்பியது அழியக் கூடாது, வேறு வழி ஒன்று அங்கேயே இருக்க வேண்டும். உதவிக்கான முகவரியைக் கேப்ட்சாவுக்குப் பின்னால் வைக்கவே வைக்காதீர்கள்.

தரங்கள் என்ன சொல்கின்றன என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால்: டபிள்யூ3சி-யின் இணைய அணுகல் வழிகாட்டி 2008-இல் வந்த 2.0 பதிப்பிலேயே, கேப்ட்சா வைத்தால் வேறு புலன் வழியாக ஒரு மாற்றும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, கணக்கில் நுழையும் இடத்தில் நினைவாற்றல் சோதனை, புதிர் போன்றவற்றை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் (வழிகாட்டியில் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று கடுமை கூடும் மூன்று நிலைகள் உண்டு) இரட்டை ஏ நிலையில், படத்தில் பொருளை அடையாளம் காணச் சொல்வதற்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த விலக்கு தவறு என்பது என் கருத்து. மூன்று ஏ நிலையில் விலக்கு இல்லை. நீங்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளியிடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். என்விடிஏ இலவசம், பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கியது. அதை நிறுவி, மவுஸைக் கழற்றி, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் படிவத்தை முதல் பெட்டியிலிருந்து சமர்ப்பிக்கும் வரை நிரப்பிப் பாருங்கள். ஒரு முறை சாதாரணச் சாளரத்தில், ஒரு முறை மறைமுகச் சாளரத்தில். மறைமுகச் சாளரத்தில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். எங்கே நின்றீர்கள், அப்போது குரல் கடைசியாக என்ன சொன்னது என்று எழுதி, சோதனைத் தளத்தின் முகவரியோடு எனக்கு அனுப்புங்கள். நானும் நிரப்பிப் பார்க்கிறேன். பிரெய்ல் காட்சிக்கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவரையும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நிரப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.